கட்டியது ஒரு வேலைக்கு, செய்தது வேறு வேலை: யு.எஸ்.எஸ். புளூ ரிட்ஜின் சேவை வரலாறு

அமெரிக்கக் கடற்படையின் 'புளூ ரிட்ஜ்' (எல்.சி.சி.-19) 1970 நவம்பர் 14 அன்று சேவையில் சேர்ந்தது. கரையில் படை இறக்கும் தாக்குதலைக் கடலில் இருந்தபடியே நடத்துவதற்கென்று, அடிக்கட்டையிலிருந்தே அந்த நோக்கத்துடன் வடிவமைக்கப்பட்ட கட்டளைக் கப்பல் இது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியும், இது அதிகம் செய்தது வேறு வேலைகளைத்தான். அதற்காக வீண் செலவு என்று தள்ளிவிட முடியாது. இதைவிட இளைய கப்பல்கள் பல உடைக்கப்பட்ட பிறகும் இது ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு.

இந்தக் கப்பலின் வரலாற்றில் சிக்கல் வந்த இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. கப்பலில் இருந்த ரேடியோவோ கணினியோ போதாமல் போனது அபூர்வம். மறுமுனையில் இருந்தவரிடம் அதே கருவியும் அதே ஏற்பாடும் இல்லாததுதான் பெரும்பாலும் காலை வாரியது.

எதற்காக வந்தது

இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்களின் உடலை எடுத்து, உள்ளே ரேடியோ அறைகளையும் வரைபட மேசைகளையும் அடுக்கிக் கட்டளைக் கப்பல்களாக மாற்றினார்கள். 1945-ல் ஜப்பானியத் தீவான ஐவோ ஜிமாவில் தரையிறக்கத்தை நடத்திய அட்மிரல் டர்னர் இருந்த 'எல்டொராடோ', 1950-ல் கொரியாவின் இன்சோன் தாக்குதலின்போது ஜெனரல் மெக்கார்தர் ஏறிய 'மவுண்ட் மெக்கின்லி' இரண்டும் அந்த வகைதான். அவற்றால் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) அளவே போக முடியும். 1960-களில் தரையிறக்கக் கப்பல்கள் எல்லாமே 20 நாட் வேகத்தில் ஒன்றாகப் போகவேண்டும் என்று கடற்படை முடிவெடுத்தது. தளபதி ஏறிய கப்பல் மட்டும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் படையணி முழுக்க அதன் வேகத்துக்கு இறங்க வேண்டிவரும். புதுக் கப்பல் கேட்டதற்கு முதல் காரணம் இதுதான். மின்னணுவியல் அடுத்ததாக வந்தது.

'ஐவோ ஜிமா' வகை ஹெலிகாப்டர் கப்பல்களின் உடல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் புதிதாகக் கட்டினார்கள். பிலடெல்பியா கடற்படைத் தளத்தில் 1967 பிப்ரவரியில் அடிக்கட்டை வைத்து, 1969 ஜனவரியில் நீரில் இறக்கினார்கள். நீளம் 634 அடி, அதாவது 193 மீட்டர். முழுச்சுமையில் சுமார் 19,000 டன். இரண்டு பாய்லர், ஒரு டர்பைன், உந்துவிசிறியைச் சுழற்றும் தண்டு (ஷாஃப்ட்) ஒன்றே ஒன்று, 22,000 குதிரைத்திறன், 23 நாட். இதே வகைத் தங்கைக் கப்பல் 'மவுண்ட் விட்னி' நியூபோர்ட் நியூஸில் கட்டப்பட்டு 1971 ஜனவரியில் சேர்ந்தது. மூன்றாவதாகத் திட்டமிட்ட கப்பல் ரத்தானது.

மேல்தளம் ஏன் காலியாக இருக்கிறது

இந்தக் கப்பலை முதன்முதலில் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அதன் வெறுமை. நடுவில் கட்டடம்போல் ஒரு மேற்கட்டு. முன்னும் பின்னும் நீளமான தட்டைத் தளம், அதில் அங்கங்கே ஆன்டெனாக்கள். போர்க்கப்பலில் இவ்வளவு இடத்தைச் சும்மா விடுவார்களா என்று தோன்றும். ஆனால் விலை கொடுத்து வாங்கியதே அந்தக் காலி இடத்தைத்தான்.

1960-களில் தூரத் தகவல் தொடர்பு என்றால் உயர் அதிர்வெண் ரேடியோதான். ஒரே கப்பலில் ஒரு ஆன்டெனா கிலோவாட் கணக்கில் அலையை வெளியே தள்ளும். பக்கத்து ஆன்டெனா மைக்ரோவோல்ட் அளவில் வரும் மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும். இரண்டையும் நெருக்கி வைத்தால் வாங்கும் பக்கம் செவிடாகிவிடும். அதனால் அனுப்பும் ஆன்டெனாக்களையும் வாங்கும் ஆன்டெனாக்களையும் முடிந்த அளவு தள்ளிவைக்க நீளமான, தடையில்லாத தளம் தேவைப்பட்டது. நங்கூரச் சாமான், சேமிப்பு, ஆட்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் முடிந்தவரை உள்ளே தள்ளியதும் இதற்காகத்தான்.

தூரம் மட்டும் போதாது. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு போல்ட், தளர்ந்த ஒரு சங்கிலி, ஒன்றோடொன்று உரசும் இரண்டு இரும்புத் தகடுகள் ஆகியவை சக்திவாய்ந்த ரேடியோ அலையில் குளிக்கும்போது டயோடு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு அனுப்பும் அதிர்வெண்களைக் கலந்து, யாரும் கேட்காத மூன்றாவது, நான்காவது அதிர்வெண்களை உண்டாக்கிக் கப்பலின் சொந்த ரிசீவருக்குள்ளேயே ஊற்றும். ஆன்டெனாவை எவ்வளவு துடைத்தாலும் இது போகாது, ஏனென்றால் கோளாறு இருப்பது கைப்பிடிக் கம்பியில். இதற்கான வேலை எந்த நாளும் முடியாது. உலோகக் கம்பிகளை மாற்றி உலோகமல்லாத கயிறு போடுவது, அசையும் ஒவ்வொரு உலோகப் பாகத்தையும் செம்புப் பட்டையால் கப்பல் உடலோடு இணைப்பது, பெயின்ட்டைச் சுரண்டி அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது. ரேடியோ அறையில் வரும் புகாருக்குப் பதில் பல நேரம் பெயின்ட் வாளியோடு நிற்பவர் கையில் இருக்கும்.

இன்னொரு தலைவலி ஹெலிகாப்டர். பின்தளத்தில் இறங்க ஒரே இடம், ஹேங்கர் (ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகை) இல்லை. ஹெலிகாப்டர் தொங்கவிடும் சரக்குக் கொக்கியே ஆன்டெனாவாக வேலை செய்து, கீழே நின்று தொடுபவரின் கையைச் சுடும். அதனால் ஹெலிகாப்டர் வரும்போது அருகிலுள்ள உயர் அதிர்வெண் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தவோ சக்தியைக் குறைக்கவோ வேண்டும். கட்டளை போய்க்கொண்டே இருக்கவேண்டிய கப்பலில் ஒவ்வொரு ஹெலிகாப்டர் வருகையும் கட்டளையைக் கொஞ்சம் ஊமையாக்குகிறது. இந்த முரண் 1975-ல் உச்சத்துக்குப் போனது.

தளத்தைக் காலியாக வைக்கவேண்டும் என்பதால் படகுகளை இருபக்கமும் வெளியே நீட்டிய மேடைகளில் ஏற்றினார்கள். அந்த மேடைகள் பனாமா கால்வாயின் நீர்ப்பூட்டுகளுக்குள் (கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்புத் தொட்டிகளுக்குள்) நுழையவில்லை. 1971 பிப்ரவரியில் பிலடெல்பியாவிலிருந்து சான் டியேகோவுக்குப் போகத் தென் அமெரிக்காவைச் சுற்றி, மெகல்லன் நீரிணை வழியாகப் போக வேண்டியிருந்தது. வெள்ளோட்டமும் அதிலேயே முடிந்தது.

உள்ளே மூன்று கணினி அமைப்புகள் இருந்தன. ஒன்று கடற்போர்த் தகவலுக்கு, ஒன்று தரையிறக்கத் திட்டத்துக்கு, ஒன்று உளவுத் தகவலுக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். கணினிக்கும் ரேடியோவுக்கும் குளிர்நீர் ஓயாமல் வேண்டும் என்பதால், குளிரூட்டும் ஆலை ஒன்று நின்றால் எந்தக் கருவியை அணைப்பது என்ற பட்டியல் கையோடு இருக்க வேண்டும்.

1975 ஏப்ரல் 29–30: தலைகீழான தரையிறக்கம்

கரையில் படை இறக்கக் கட்டிய கப்பல் செய்த மிகப் பெரிய வேலை, கரையிலிருந்து ஆளை ஏற்றியது. தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாம் படைகளிடம் விழும் நேரத்தில் 76-வது பணிப்படையின் தளபதி ரியர் அட்மிரல் டொனால்ட் விட்மயர் புளூ ரிட்ஜில் இருந்தார். மரைன்களின் (கடலிலிருந்து தரையிறங்கிச் சண்டையிடும் படையின்) தளபதி பிரிகேடியர் ஜெனரல் ரிச்சர்ட் கேரியும் அவருக்குக் கீழே. ஆனால் மேலே இருந்த கட்டளை தாய்லாந்தின் நகோன் பனோமில், விமானப்படை ஜெனரலிடம்.

திட்டத்தில் 'எல்-நேரம்' என்று ஒரு குறி இருந்தது. ஹெலிகாப்டர் கப்பலைவிட்டுக் கிளம்பும் நேரமா, கரையில் இறங்கும் நேரமா என்பதை இரண்டு தலைமையகங்களும் வெவ்வேறாகப் புரிந்துவைத்திருந்தன. அதோடு, முதலில் இறங்கவேண்டிய மரைன்கள் ஒரு கப்பலிலும் அவர்களை ஏற்றவேண்டிய ஹெலிகாப்டர்கள் வேறு கப்பலிலும் இருந்தன. ஆட்களை ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாற்றி, பிறகுதான் கரைக்குக் கிளம்ப முடியும். காலையில் உத்தரவு வந்தும் முதல் ஹெலிகாப்டர்கள் சைகோனில் இருந்த அமெரிக்கப் பாதுகாப்பு இணைப்பாளர் அலுவலக வளாகத்தில் இறங்கப் பிற்பகல் 3 மணி தாண்டிவிட்டது. பகல் வெளிச்சத்தின் பாதி போய்விட்டது. இத்தனைக்கும் புளூ ரிட்ஜின் ரேடியோக்களில் எந்தக் குறையும் இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்டது. கேட்டதை இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது அடி அமெரிக்கத் தூதரகத்திலிருந்து வந்தது. அங்கிருந்து சிலரை மட்டும் எடுத்தால் போதும், மற்றவர்கள் பஸ்ஸில் அந்த வளாகத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. தூதரகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூரையில் நடுத்தர ஹெலிகாப்டரான சி.எச்.-46 மட்டுமே இறங்க முடியும். பெரிய சி.எச்.-53 இறங்க வாகன நிறுத்தத்தில் இடம் வேண்டும், அங்கே நடுவில் ஒரு பெரிய புளியமரம். அதை வெட்டினால் ஊருக்கே நாம் ஓடப்போவது தெரிந்துவிடும் என்று தூதர் கிரகாம் மார்ட்டின் கடைசிவரை அனுமதி தரவில்லை. 29-ம் தேதிதான் மரம் விழுந்தது. நகரத்துக்குள் ஒரு மரம் நிற்பதா விழுவதா என்பதுகூடக் கடலில் இருக்கும் கட்டளைக் கப்பலின் ஹெலிகாப்டர் அட்டவணையைத் தீர்மானிக்கும். திட்டத்தாளில் அந்த மரத்துக்குக் கட்டம் இல்லை.

இதற்கிடையே தென் வியட்நாம் விமானப்படையின் ஹியூயி ஹெலிகாப்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பங்களோடு கடலுக்கு வந்தன. புளூ ரிட்ஜில் இறங்க ஒரே இடம். இறங்கிய ஹெலிகாப்டரை நிறுத்திவைக்க ஹேங்கரும் இல்லை. அடுத்தது மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்கும், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும். ஆட்களை இறக்கியதும் ஹெலிகாப்டரைக் கடலில் தள்ளுவது, அல்லது பைலட் ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பல் அருகே கடலில் விழுந்து படகில் ஏறுவது, இந்த இரண்டு வழிதான். கோடிக்கணக்கான டாலர் சாமான் கடலுக்குப் போன படங்களைப் பார்த்துப் பதற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு இறங்குமிடமும் வானில் வரிசையும் இருக்கும்போது அதுதான் சரியான கணக்கு.

30-ம் தேதி அதிகாலை 4.58-க்கு 'லேடி ஏஸ் 09' என்ற சி.எச்.-46 மார்ட்டினைத் தூதரகக் கூரையிலிருந்து ஏற்றிப் புளூ ரிட்ஜுக்குக் கொண்டுவந்தது. கடைசி மரைன்கள் 7.53-க்குக் கிளம்பினார்கள். ஹெலிகாப்டரில் மட்டும் 7,000 பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள்.

1979: வேலை மாறியது

மேற்குப் பசிபிக்கைக் கவனிக்கும் ஏழாவது கடற்படையணியின் தலைமைக் கப்பலாக இருந்த பழைய குரூசர் 'ஒக்லஹாமா சிட்டி' ஓய்வுபெற்றது. அட்மிரலுக்கும் நூற்றுக்கணக்கான அலுவலர்களுக்கும் இடமும் ஆன்டெனாவும் இருந்த கப்பல் வேறு எது? 1979 அக்டோபரில் புளூ ரிட்ஜ் ஜப்பானின் யோகோசுகாவுக்குப் போய் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. தரையிறக்கப் படை தன் கட்டளைக் கப்பலை இழந்தது. அந்த வேலையை 'தராவா' போன்ற பெரிய தாக்குதல் கப்பல்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருந்த கட்டளை அறைகள் செய்யத் தொடங்கின. அதிகம் பேசப்படாத முடிவு இது, ஆனால் இந்தக் கப்பலின் வாழ்க்கையில் முக்கியமானது இதுதான் என்பேன்.

அன்றிலிருந்து ஒரே கப்பலுக்குள் இரண்டு குடித்தனம். கப்பலை ஓட்டும் கேப்டனும் மாலுமிகளும் ஒரு பக்கம், வைஸ் அட்மிரலும் அவர் அலுவலர்களும் மறுபக்கம். கட்டிலும் குளிர்நீரும் மின்சாரமும் பொது. துறைமுகப் பயணங்கள் தூதரக வேலையாகவும் ஆயின. 1989 மே மாதம், சீனாவில் மாணவர் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஷாங்காய்க்குப் போன கப்பல் இது. 2016 மார்ச்சில் கொழும்புக்கு வந்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இலங்கைத் துறைமுகத்துக்கு வந்த முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலாக இருந்தது.

1990–91: தாளை விமானத்தில் அனுப்பிய போர்

ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் ஏழாவது அணித் தளபதி வைஸ் அட்மிரல் ஹென்றி மாஸ் அந்தப் பகுதியின் முழுக் கடற்படைப் பொறுப்பையும் ஏற்றார். டிசம்பரில் வைஸ் அட்மிரல் ஸ்டான்லி ஆர்தர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். தலைமையகம் வளைகுடாவில், புளூ ரிட்ஜில். ஆனால் போரின் தலைமைத் தளபதி ஜெனரல் சுவார்ஸ்காஃப் சவூதி அரேபியாவின் ரியாத்தில். மற்றப் படைகளின் தளபதிகள் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், கடற்படைக்கு அங்கே ஒரு ரியர் அட்மிரல் பிரதிநிதி மட்டும். முடிவுகள் நடைபாதையில் நடக்கும்போதே எடுக்கப்படும் இடத்தில் பிரதிநிதியின் குரலுக்கு எடை குறைவு. நூறு ரேடியோ இருந்தாலும் அந்த நடைபாதையில் நிற்பதற்கு ஈடாகாது.

இதைவிட அப்பட்டமான கோளாறு விமானத் தாக்குதல் உத்தரவு. எந்த விமானம் எந்த நேரத்தில் எந்த இலக்கை அடிக்கும், எங்கே எரிபொருள் நிரப்பும் என்பதை எல்லாம் சொல்லும் பட்டியல் தினமும் ரியாத்தில் தயாராகும், நூற்றுக்கணக்கான பக்கம். விமானப்படையின் கணினி அமைப்பு வழியாக அது மற்றத் தளங்களுக்குப் போனது. விமானந்தாங்கிக் கப்பல்களில் அந்த அளவு தகவலை வாங்கும் மிக உயர் அதிர்வெண் (எஸ்.எச்.எஃப்.) செயற்கைக்கோள் இணைப்பு இல்லை. ஆறு விமானந்தாங்கிகள் போரில். அவற்றுக்குத் தினமும் எஸ்-3 விமானத்தில் பட்டியலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிந்திய திருத்தங்கள் வந்தால் மீண்டும் ஓட்டம். கட்டளைக் கப்பலில் எத்தனை கருவி இருந்தாலும், வாங்கவேண்டிய கப்பலில் டிஷ் இல்லையென்றால் தபால்காரர்தான். போர் முடிந்ததும் விமானந்தாங்கிகளுக்கு அந்த இணைப்பைப் பொருத்தியது இந்த அனுபவத்தால்தான்.

இன்னொரு வேடிக்கை. கொரியப் போருக்குப் பின் சேர்ந்த மிகப் பெரிய தரையிறக்கப் படை அப்போது வளைகுடாவில் மிதந்தது. அதன் தளபதி 'நஸாவ்' என்ற தாக்குதல் கப்பலில் இருந்தார். தரையிறக்கத்துக்கென்றே கட்டிய கட்டளைக் கப்பல் சில மணி நேரத் தூரத்தில் இருந்தும் அதற்கு வேறு வேலை. 1991 பிப்ரவரி 18 அன்று 'டிரிப்போலி', 'பிரின்ஸ்டன்' என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்களும் ஒரே காலையில் கண்ணிவெடியில் மாட்டின. தரையிறக்கம் நடக்கவே இல்லை.

துறைமுகக் கணக்கு

தலைமைக் கப்பல் என்றால் துறைமுகத்தில் அதிகம் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இழுவைப் படகு, மோதுதடுப்பு மிதவை, குடிநீர், குப்பை, கழிவுநீர்ப் படகு, பாதுகாப்பு வளையம், வாகனம் எல்லாம் உள்ளூர் முகவரிடம் வாங்கவேண்டும். ஏமாற்றுவதற்கு எளிதான வரி கழிவுநீர்தான். எத்தனை கன மீட்டர் போனது என்பதைக் கப்பல் தரப்பில் தனியே அளந்து வைக்காவிட்டால், பில்லில் எழுதியதே அளவு. அதுவும் கப்பல் கிளம்பும் காலையில், கயிறு அவிழ்க்கும் நேரத்தில் கையெழுத்துக்கு வரும்.

மலேசியரான லியோனார்ட் கிளென் பிரான்சிஸின் நிறுவனம் இந்த ஓட்டைக்குள் வளர்ந்தது. 2013-ல் கைதாகி, 2015 ஜனவரியில் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். கப்பல்கள் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போகும் என்ற ரகசிய அட்டவணை ஏழாவது அணியின் அலுவலர்களிடம், அதாவது புளூ ரிட்ஜில், இருந்தது. 2017 மார்ச்சில் அந்த அணியின் முன்னாள் அதிகாரிகள் பலர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2022-ல் நான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானாலும், அரசுத் தரப்பின் முறைகேட்டால் அது 2023-ல் நீக்கப்பட்டு, சிறு குற்றமாகக் குறைந்தது. நீதிமன்றக் கதை ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறைக் கோளாறு இதுதான்: துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பவர், முகவரோடு விருந்துண்பவர், பில்லைப் பற்றிப் புகார் வந்தால் கேட்பவர் எல்லாரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள்.

2011 மார்ச்: ஒரே மாதம், இரண்டு சகோதரிகள்

மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது புளூ ரிட்ஜ் சிங்கப்பூரில். நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு மறுநாளே கிளம்பியது. சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் ஏறக்குறைய 2,900 கடல் மைல். 20 நாட் வேகத்தில் ஆறு நாள். சொந்த ஊரில் பேரிடர், தலைமைக் கப்பல் ஆறு நாள் தொலைவில். கூட்டு நிவாரணத் தலைமையகம் யோகோட்டா விமானத் தளத்தில், பசிபிக் அணித் தளபதி பாட்ரிக் வால்ஷின் கீழ், தரையிலேயே அமைந்தது.

அதே மாதம் 19-ம் தேதி லிபியா நடவடிக்கை தொடங்கியபோது, கூட்டுப்படைத் தளபதி சாமுவேல் லாக்லியர் தங்கைக் கப்பல் மவுண்ட் விட்னியிலிருந்து நடத்தினார். ஏன் ஒன்று தரைக்குப் போனது, ஒன்று கடலில் நின்றது? ஜப்பானில் அந்நாட்டு அரசு இருந்தது, அதன் அமைச்சகமும் படையும் பக்கத்து ஊரில். நாளுக்கு நாலு முறை நேரில் பேசவேண்டிய வேலை. லிபியாவில் அப்படி உட்காரக் கரையே இல்லை, பல நாட்டு அதிகாரிகளை உடனே ஒரே இடத்தில் சேர்க்கவும் வேண்டும். கட்டளைக் கப்பலின் உண்மையான பயன் அங்கேதான்: இடம் கொடுக்கும் நாட்டிடம் அனுமதி கேட்காமல், நகர்த்தக்கூடிய ஒரு தலைமையகம். நீண்ட வேலையானால் அதுவும் கரையேறிவிடும். மவுண்ட் விட்னி 2002 கடைசியில் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக் கூட்டுப்படையின் தலைமையகமாகப் போனது. 2003 மே மாதம் அந்த அலுவலகம் ஜிபூட்டியில் உள்ள முகாமுக்கு இறங்கிவிட்டது.

நீராவி

எழுபதுகளில் சாதாரணமாக இருந்த, சதுர சென்டிமீட்டருக்கு 42 கிலோ அழுத்தத்தில் ஓடும் நீராவி ஆலைதான் இன்றைய தலைவலி. ஒரே டர்பைன், ஒரே ஷாஃப்ட் என்பதால் கியர்பெட்டியில் கோளாறு வந்தால் இழுவைப் படகைத் தவிர வேறு வழி இல்லை. பாய்லரைக் குளிர்நிலையிலிருந்து எழுப்பப் பல மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் உள்ளே சுடுசெங்கல் சுவர் வெடிக்கும், குழாய் இணைப்புகள் கசியும்.

அதைவிட நுட்பமானது தண்ணீர். கண்டென்சர் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கடல்நீர் பாய்லர் நீரோடு கலக்கும். உப்பும் சுண்ணமும் குழாயின் உட்சுவரில் படியும். படிவு வெப்பத்தைத் தடுப்பதால் வெளிச்சுவர் பழுத்து, ஒருநாள் வெடிக்கும். அதனால் உப்புமானியை நம்பிவிட்டு உட்காராமல், மாதிரி எடுத்துச் சோதித்து, மருந்து அளந்து போட்டு, அடியில் சேரும் சகதியைப் பாய்லர் நீரோடு வெளியேற்றி, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒரு வேளை தவறினால் அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

2014 ஆகஸ்டில் 'டென்வர்' ஓய்வுபெற்றதும், படையில் கடலுக்குப் போகும் மிகப் பழைய கப்பல் என்ற முறையில் 'முதல் கடற்படைக் கொடி' புளூ ரிட்ஜுக்கு வந்தது. 2016-ல் யோகோசுகாவில் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு 2018 வரை இழுத்தது. சேவைக் காலத்தை 2039 வரை நீட்டிக்கக் கடற்படை திட்டமிட்டிருக்கிறது. ரேடியோவையும் கணினியையும் பெட்டி பெட்டியாகக் கழற்றி மாற்றலாம், காலியான தளமும் பெரிய அறைகளும் அதற்கு வசதி. பாய்லரை அப்படி மாற்ற முடியாது. இப்போதைக்கு 'வாஸ்ப்' வகைத் தாக்குதல் கப்பல்களில் முதல் ஏழில், 2020-ல் தீப்பிடித்துப் பிறகு விலக்கப்பட்ட ஒன்று போக, மற்ற ஆறும் இதே அழுத்தத்தில் ஓடுவதால் நீராவி தெரிந்த மாலுமிகளும் உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. அவை ஒவ்வொன்றாக ஓய்வுபெறும்போது பர்னர் முனையும் வால்வும் வாங்குவது யாரிடம் என்பதை, ஆன்டெனா வாங்கும் பட்ஜெட்டுக்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.